அப்பாவின் கண்ணோரச் சதையும் சந்தைக் கூலிங் கிளாஸும்

மியான்மரின் தாட்டோன் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருப்பது இது. அப்பாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. வாழ்நாள் முழுக்க நெல் வயல். இரண்டு கண்ணிலும் மூக்கை ஒட்டிய ஓரத்தில் முக்கோணமாகச் சதை வளர்ந்திருக்கிறது. வெயிலில் நின்றால் சிவந்து உறுத்துகிறது. கூலிங் கிளாஸ் வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா? சந்தையில் எல்லாக் கண்ணாடியிலும் யூ.வி. 400 என்று ஒட்டியிருக்கிறார்கள், எதை நம்புவது? மோட்டார் சைக்கிளில் சரக்கு கொண்டுபோகும் தம்பிக்கும், பள்ளிக்கூடம் போகும் மகளுக்கும் வேண்டுமா? அப்பாவோ, "வயலில் கறுப்புக் கண்ணாடி போட்டால் ஊர் சிரிக்கும்" என்கிறாராம்.

தங்கச்சி, யாங்கோனில் கண் பார்த்து நம்பர் எழுதுவதும் லென்ஸ் வெட்டிக் கொடுப்பதும் என் தொழில். நான் மருத்துவன் இல்லை. அறுவை சிகிச்சை பற்றிச் சொல்லும் இடத்தில் கண் மருத்துவர் சொல்வதுதான் முடிவு. மற்றபடி கண்ணாடி விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல முடியும், ஏனென்றால் எதை விற்றால் லாபம், எது உண்மையில் உதவும் என்பது இரண்டும் எனக்குத் தெரியும்.

முதலில் நேர் பதில். ஏற்கெனவே வளர்ந்த சதை கண்ணாடி போட்டால் கரையாது. மேலே வளர்வது குறையலாம், சிவப்பும் உறுத்தலும் பெரும்பாலும் தணியும். வாங்க வேண்டியது முகத்தோடு ஒட்டி உட்காரும், பக்கவாட்டை மூடும், பெரிய கண்ணாடி. நடுத்தரக் கறுப்பு போதும். அதோடு அகல விளிம்புத் தொப்பி. விலையையும் கறுப்பின் அடர்த்தியையும் பார்த்து ஏமாற வேண்டாம். ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் கடையில் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு இருப்பதை மருத்துவர்கள் டெரிஜியம் என்பார்கள். வெள்ளை விழியை மூடியிருக்கும் மெல்லிய படலம் தடித்து, ரத்தக் குழாய்களோடு கறுப்பு விழிமேல் ஏறுவது. புற்றுநோய் இல்லை, ஒட்டுவதும் இல்லை. நம் நாட்டில் இது எவ்வளவு சாதாரணம் என்றால், 2005இல் மெய்க்டிலா சுற்றுவட்டாரக் கிராமங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 2,000க்கும் அதிகமானவர்களின் கண்ணைப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணிலாவது இந்தச் சதை இருந்தது. வெளியில் வெயிலில் வேலை செய்பவர்களுக்கு அதிகம் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. மெய்க்டிலா வறண்ட, புழுதி பறக்கும் பூமி. உங்கள் தாட்டோன் மழை கொட்டும் சீமை. ஆனால் சூரியன் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

இந்தச் சதை பெரும்பாலும் மூக்குப் பக்கமே வளரும், காதுப் பக்கம் அபூர்வம். காரணத்தை சிட்னியைச் சேர்ந்த மினாஸ் கொரோனியோ என்ற கண் மருத்துவர் 1990களில் விளக்கினார். காதுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியை, வளைந்திருக்கும் கருவிழிப் படலமே வளைத்துக் கொண்டுபோய் எதிர்ப்புறத்தில், அதாவது மூக்கை ஒட்டிய ஓரத்தில், ஒரு புள்ளியில் குவிக்கிறது. பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிக்கிறோமே, அந்த மாதிரி. அந்த இடத்தில் ஒளியின் செறிவு இருபது மடங்கு வரை கூடலாம் என்பது அவர் கணக்கு. கருவிழிப் படலத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் மூல உயிரணுக்கள் குடியிருப்பதும் சரியாக அந்த விளிம்பில்தான். வருஷக்கணக்கில் அவை அடி வாங்கினால் எல்லை குலைகிறது, வெள்ளைப் பக்கத்துப் படலம் உள்ளே ஏறிவிடுகிறது.

இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் கண்ணைக் கெடுத்தது நேரே முன்னால் இருந்து வந்த வெயிலைவிடப் காதோரப் பொட்டுப் பக்கமிருந்து நுழைந்த வெயில்தான். அப்படியிருக்க, முன்பக்கம் மட்டும் கன்னங்கறுப்பாக மறைத்துவிட்டுப் பக்கவாட்டைத் திறந்துபோடும் சின்ன வட்டக் கண்ணாடி என்ன செய்யும்? அழகுக்கு ஆகும்.

அடுத்தது நேரம். உச்சிவெயில்தான் கண்ணுக்குக் கெடுதல், காலையில் பரவாயில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தோலுக்கு அது சரி. கண்ணின் கதை வேறு. ஜப்பானில் கனசாவா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி சசாகி குழுவினர் பொம்மைத் தலைகளின் கண் இடத்தில் உணர்கருவி பொருத்தி நாள் முழுதும் அளந்தார்கள். சூரியனைப் பார்த்து நிற்கும் முகத்தில், கண்ணுக்குள் போகும் புற ஊதாக் கதிர் (வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் வருவது, யூ.வி. என்று ஒட்டுவது இதைத்தான்) உச்சி நேரத்தில் குறைந்து, சூரியன் வானத்தில் சுமார் 40 டிகிரி உயரத்தில் இருக்கும்போது ஏறியது. நடுப்பகலில் புருவ எலும்பும் இமையும் தாழ்வாரம்போல் நிழல் தருகின்றன. காலையிலும் பிற்பகலிலும் கதிர் அந்தத் தாழ்வாரத்துக்கு அடியில் புகுந்து நேராக வருகிறது.

அந்த 40 டிகிரியை நம் ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றினால், ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை ஏறக்குறைய காலை எட்டரை மணியும் பிற்பகல் மூன்றரை மணியும். டிசம்பரில் காலை பத்தும் பிற்பகல் இரண்டும். வெயிலுக்குப் பயந்து விடியலில் வயலுக்குப் போய்ப் பதினொரு மணிக்குக் கரையேறி, மறுபடி மூன்று மணிக்கு இறங்குவதுதானே நம்மவர் வழக்கம்? உடம்புக்கு அது புத்திசாலித்தனம். கண்ணுக்கு மட்டும் அது கெட்ட நேரத்தோடு சரியாகப் பொருந்திவிடுகிறது. அதனால் அப்பாவிடம் சொல்லுங்கள், கண்ணாடி உச்சிக்கு மட்டும் இல்லை, காலையில் இறங்கும்போதே போட வேண்டும்.

மழைக்காலத்தில் எதற்கு என்று கேட்பார். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை வானம் மூடிக் கிடப்பதால் வெயிலே இல்லை என்று தோன்றும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் குறைவது உண்மை, புற ஊதாக் கதிர் அந்த அளவுக்குக் குறைவதில்லை. மெல்லிய மேகத்தின் வழியே 80 சதவீதம் வரை கீழே வந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கன்னங்கரேல் என்று மழை கொட்டும் நேரம் வேறு. வெளுத்த மூட்டமான நாள்தான் ஏமாற்றும். கூசாததால் கண்ணைச் சுருக்கமாட்டோம், அகல விழித்துக்கொண்டே இருப்போம். இன்னொன்றும் உண்டு. மே முதல் வாரத்திலும் ஆகஸ்டு முதல் வாரத்திலும் உங்கள் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதில் இரண்டாவது நல்ல மழைக்காலம். மேகம் விலகும் ஒரு மணி நேரத்தில் அடிப்பது சித்திரை வெயிலுக்குச் சளைத்ததில்லை.

நடவு நேரத்து நிலைமை இன்னும் மோசம். புல்லும் மண்ணும் புற ஊதாக் கதிரைப் பத்தில் ஒரு பங்குகூடத் திருப்பி அனுப்புவதில்லை. உலர்ந்த மணல் சுமார் 15 சதவீதமும், நுரைத்த கடல் சுமார் 25 சதவீதமும் திருப்பும். தேங்கிய வயல் தண்ணீர் அவ்வளவு திருப்பாது. ஆனால் சூரியன் தாழ்வாக இருக்கும் காலையிலும் மாலையிலும் அதன் பளபளப்பு கூடிவிடும், நாற்று நடுபவர் முகமோ குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும். தொப்பி விளிம்புக்கு அடியிலிருந்து மேல்நோக்கி வரும் கதிரைத் தொப்பி எப்படித் தடுக்கும்? இதனால்தான் தொப்பியும் கண்ணாடியும் சேர்ந்தே வேண்டும் என்கிறேன்.

தொப்பியைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். அகல விளிம்புத் தொப்பி கண்ணுக்கு வரும் கதிரைப் பாதி அளவுக்குக் குறைத்துவிடும், அதுவும் செலவே இல்லாமல். பர்மியர் போடும் மூங்கில் தொப்பி, கமவ், இந்த மண்ணின் வெயிலுக்கென்றே செய்தது. காதுப் பக்கமும் நிழல் விழும். நம்மவர் தலையில் சுற்றும் துண்டு வியர்வைக்கு நல்லது, கண்ணுக்கு ஒரு விரற்கடை நிழலும் தராது. முன்னால் மட்டும் நீண்டிருக்கும் கிரிக்கெட் தொப்பி பக்கவாட்டில் கைவிடும். பத்தெய்ன் குடை பிடித்துப் போகிறவர்கள் தலைக்கு நேரே வரும் வெயிலிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் புற ஊதாக் கதிரில் பெரும் பங்கு வானம் முழுக்கச் சிதறி நாலாபக்கமும் வருவது. முகத்தில் அரைத்துப் பூசும் தனாக்காவையும் கேட்பீர்கள். அந்த மரப்பட்டையில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் மார்மெசின் என்ற பொருள் இருப்பதைக் கண்டறிந்திருக்கிறார்கள். கன்னத்துக்குக் கொஞ்சம் காப்பு கிடைக்கலாம். கண்ணுக்குள் அது போவதில்லை, போகவும் கூடாது.

சதையைத் தாண்டி உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிர் இரண்டு வகை. அலைநீளத்தில் பி வகை 280லிருந்து 315 நானோமீட்டர் வரை, ஏ வகை 315லிருந்து 400 வரை. பி வகையில் பெரும்பகுதியைக் கருவிழிப் படலமே விழுங்கிக்கொள்கிறது. மிச்சத்தையும் ஏ வகையையும் உள்ளிருக்கும் லென்ஸ் தாங்குகிறது. தாங்கித் தாங்கி அதன் புரதங்கள் கெடுவது கண்புரைக்கு ஒரு காரணம். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் படகோட்டி நண்டும் சிப்பியும் பிடிப்பவர்கள் 838 பேரை ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார்கள்: வாழ்நாளில் வாங்கிய பி வகைக் கதிர் இரட்டிப்பானால் லென்ஸின் வெளிப்புறத்தில் வரும் புரைக்கான ஆபத்து 1.6 மடங்கு. அதே வெயில் இமைத் தோலில் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. விழித்திரையின் நடுப்புள்ளி தேய்வதற்கு வெயில் எவ்வளவு பொறுப்பு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

புரைக்கு வெயில் மட்டும் காரணமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். முதல் காரணம் வயது. சர்க்கரை நோய் இருந்தால் சீக்கிரம் வரும். புகை பிடித்தால் சீக்கிரம் வரும். அப்பா சுருட்டுப் பிடிப்பவராக இருந்தால், விலை உயர்ந்த கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்டு வாயில் சுருட்டை விட்டுவைப்பதில் பாதிப் பலன் போய்விடும்.

இப்போது கடைக்குப் போவோம். கறுப்பு வேறு, புற ஊதாத் தடுப்பு வேறு. கறுப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைக்கும் சாயம். புற ஊதாவைத் தடுப்பது லென்ஸ் செய்த பொருளும் அதில் கலந்த உறிஞ்சியும். அதனால் துளியும் கறுப்பில்லாத வெள்ளைக் கண்ணாடி புற ஊதா முழுவதையும் தடுக்கலாம், அட்டைக் கறுப்புக் கண்ணாடி ஏ வகையை உள்ளே விடலாம். இரண்டாவதுதான் ஆபத்து. கூசும்போது கண் தானாகச் சுருங்குவதும் கண்மணி சிறுப்பதும் இயற்கை கொடுத்த காப்பு. கறுப்பு அந்தக் காப்பை எடுத்துவிட்டுத் தானும் தடுக்காவிட்டால், ஒன்றும் போடாமல் இருப்பதே மேல்.

ஆனால் இதைச் சொல்லிப் பயமுறுத்தி விலை கூடிய கண்ணாடியை விற்பவர்களும் எங்கள் தொழிலில் உண்டு. உண்மை என்னவென்றால், இன்று சந்தையில் கிடைக்கும் மலிவுக் கண்ணாடிகளில் பல பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அந்தப் பொருளே புற ஊதாவை ஏறக்குறைய முழுக்க விழுங்கிவிடும், மேலே பூச்சே வேண்டியதில்லை. கீறல் விழுந்தாலும் அந்தத் தடுப்பு போகாது, பார்வைதான் மங்கும். பழைய கண்ணாடி லென்ஸ்தான், அதாவது அசல் கண்ணாடியில் செய்தது, பி வகையைத் தடுத்து ஏ வகையில் நிறைய விட்டுவிடும். தாத்தா காலத்துக் கனத்த கறுப்புக் கண்ணாடி பெட்டியில் இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளட்டும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உடைந்தால் சில்லு கண்ணுக்குள் போகும் என்பது தனிக் கவலை.

ஒட்டியிருக்கும் யூ.வி. 400 என்ற காகிதத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 400 நானோமீட்டர் வரை தடுக்கும் என்பது அதன் பொருள். தடுக்கிறதா என்பதைக் காகிதம் சொல்லாது. நம்பகமான அடையாளம் வேண்டுமென்றால் காம்பின் உட்புறத்தில் சி.இ. என்ற ஐரோப்பிய முத்திரையும், ஐ.எஸ்.ஓ. 12312-1 என்ற தர எண்ணும், 0 முதல் 4 வரை ஒரு வகை எண்ணும் இருக்கிறதா பாருங்கள். கூலிங் கிளாஸுக்கென்று நாட்டளவில் தர விதி வகுத்த முதல் நாடு ஆஸ்திரேலியா, 1971இல். அந்த நாட்டு முத்திரை உள்ள கண்ணாடி கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். முத்திரையையும் போலியாக அடிக்கிறார்களே என்பீர்கள். அடிக்கிறார்கள். அதனால் வாங்கிய கண்ணாடியை நல்ல கண்ணாடிக் கடைக்கு எடுத்துப் போய் யூ.வி. மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சில நொடி வேலை, காசு கேட்பவர் அபூர்வம். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சை வைத்து வீட்டிலேயே சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். மலிவு டார்ச் தருவது 395 நானோமீட்டர் சுமாரிலான வெளிச்சம், எல்லைக்கோட்டில் நிற்பது. அதை வைத்து நல்ல லென்ஸைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவும் வேண்டாம்.

வகை எண் என்பது எவ்வளவு வெளிச்சம் உள்ளே விடுகிறது என்ற அளவு. 2 என்றால் 18லிருந்து 43 சதவீதம், 3 என்றால் 8லிருந்து 18. நம் ஊர் வெயிலுக்கு 3, மழைக்கால மூட்டத்துக்கு 2 போதும். 4 என்பது 3லிருந்து 8 சதவீதம்தான் விடும். பனிமலைக்கும் நடுக்கடலுக்கும் உரியது, அதைப் போட்டு வண்டி ஓட்டக் கூடாது. நிறத்தில் சாம்பல் எந்த வண்ணத்தையும் மாற்றாது, பழுப்பு மேடு பள்ளத்தைத் தெளிவாகக் காட்டும். வரப்பில் நடப்பவருக்குப் பழுப்பு என் சிபாரிசு. நீலமும் ரோஜா நிறமும் கல்யாண வீட்டுப் படத்துக்கு.

சந்தையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு, யூ.வி.யைவிட இதில்தான் மலிவுக் கண்ணாடிகள் தோற்கும். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியே ஒரு கதவு நிலையையோ கம்பத்தையோ பாருங்கள். மெதுவாக மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்துங்கள். நேர்க்கோடு நெளிந்தால் லென்ஸ் கோணல். அதைப் போட்டால் தலைவலிக்கும், பத்து நாளில் அப்பா கழற்றி எறிந்துவிடுவார், பிறகு நல்லதைக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்.

அடுத்து முகத்தில் மாட்டிப் பாருங்கள். கன்னத்துக்கும் புருவத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் சுண்டுவிரல் நுழையாத இடைவெளி, ஆனால் இமைமுடி லென்ஸில் உரசக் கூடாது. காதுப் பக்கம் காம்பு அகலமாக இருக்கட்டும், அல்லது லென்ஸே வளைந்து பொட்டுவரை போகட்டும். மூக்குத் தண்டு தட்டையாக இருப்பவர்களுக்குக் கண்ணாடி வழுக்கி இறங்கும், இறங்கினால் மேலே இடைவெளி விழும். அதற்கு மூக்குத் திண்டு மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம், அல்லது பின்னால் கயிறு கட்டலாம். குனிந்து நடவு நடுபவருக்குக் கயிறு எப்படியும் வேண்டும். சேற்றில் விழுந்த கண்ணாடியைத் தேடுவது எவ்வளவு பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. சேறு பட்டால் வேட்டித் தலைப்பால் துடைக்காமல் தண்ணீரில் அலசச் சொல்லுங்கள்.

போலரைஸ்டு லென்ஸ் வேண்டுமா என்றால், தண்ணீரும் தார்ச்சாலையும் தெறிக்கும் பளபளப்பை அது வெட்டிவிடும். வயல் தண்ணீர் பளிச்சிடுவது சட்டென்று அடங்குவதைப் பார்த்தால் அப்பாவுக்கே பிடித்துப்போகும். ஆனால் போலரைஸ்டு என்பதால் மட்டும் புற ஊதாத் தடுப்பு வந்துவிடாது, அது தனி. உண்மையான போலரைஸ்டா என்று பார்க்க, அதே மாதிரி இரண்டு கண்ணாடியை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து ஒன்றைக் கால் வட்டம் திருப்புங்கள். இருண்டால் அசல். காசு இறுக்கம் என்றால் இதை விட்டுவிட்டு நல்ல வடிவத்துக்குச் செலவழிப்பதே சரி.

தம்பி விஷயம். யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை இருப்பதால் எங்களுக்கு அந்தக் கவலை குறைவு. தாட்டோன், மோல்மீன், பெகு பக்கம் பிழைப்பே அதில்தான். காற்றும் புழுதியும் வெயிலும் சேர்ந்து கண்ணை உலர்த்துகின்றன. இப்போதே மூக்கோரத்தில் மஞ்சளாகச் சின்ன மேடு தென்பட்டால் அது பிங்குவெகுலா, சதைக்கு முந்தைய நிலை என்று வைத்துக்கொள்ளலாம். முகமூடிக் கண்ணாடி உள்ள ஹெல்மெட் எல்லாவற்றையும்விட மேல். நல்ல ஹெல்மெட்டின் முகப்பு பாலிகார்பனேட்தான். அரை ஹெல்மெட் என்றால் உள்ளே வளைந்த கூலிங் கிளாஸ். இருட்டிய பிறகு அதே கறுப்போடு ஓட்டக் கூடாது, மாலைக்கென்று ஒரு வெள்ளை லென்ஸ் கண்ணாடி பையில் இருக்கட்டும். வெயிலில் தானே கறுக்கும் லென்ஸ் பைக்குக்கு ஏற்றது. காரில் அது சரிவரக் கறுக்காது, ஏனென்றால் முன்கண்ணாடியே புற ஊதாவை நிறுத்திவிடுகிறது. அமெரிக்காவில் 29 கார்களை அளந்து 2016இல் வெளியிட்ட கணக்கில், முன்கண்ணாடி ஏ வகையைச் சராசரி 96 சதவீதம் தடுத்தது. பக்கக் கண்ணாடி சராசரி 71, சில கார்களில் 44தான். 1970இலிருந்து சாலையின் வலப்புறம் போகிறோம், ஓட்டுவதோ ஜப்பானிலிருந்து வந்த வலப்பக்க ஸ்டியரிங் வண்டி. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் டாக்சிக்காரருக்குத் தோளருகே ஒரு பக்கக் கண்ணாடி இருக்கத்தான் செய்கிறது.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா வரும்போது தம்பி திறந்த ஜீப்பில் நாள் முழுக்க நிற்பவராயிருந்தால், வெயிலுக்காக மட்டுமல்ல, குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீருக்காகவும் பிளாஸ்டிக் கண்ணாடி போடட்டும். வேகமாக வரும் தண்ணீர் கண்ணைக் கிழித்துவிடக்கூடியது.

மகளுக்கு வேண்டும், ஆனால் அவளைப் போட்டு வாட்டாதீர்கள். குழந்தைகளின் கண் லென்ஸ் தெளிந்திருப்பதால் பெரியவர்களைவிடக் கூடுதலான கதிர் உள்ளே போகிறது. அவர்கள்தான் வெளியிலும் அதிகம் இருக்கிறார்கள். அதே சமயம் பகல் வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் காக்கிறது, வீட்டுக்குள் அடைத்துப் போனைக் கொடுப்பது அதைவிடக் கெடுதல். ஆகவே விளையாடட்டும், அகலத் தொப்பியோடு. பங்குனி உத்திரத்தில் பால்குடம் பார்க்க மணிக்கணக்கில் வெயிலில் நிற்கும்போதும், கடற்கரைக்குப் போகும்போதும் கண்ணாடி. பொம்மைக் கடையில் தொங்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். அது விளையாட்டுச் சாமான், தடுப்புக்குப் பொறுப்பில்லை. போன் வெளிச்சத்துக்கென்று நீலத் தடுப்புக் கண்ணாடி வாங்கச் சொல்வார்கள். 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அலசலில், கண் சோர்வைக் குறைப்பதில் அதற்குச் சாதாரண லென்ஸைவிடக் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. அந்தக் காசுக்குத் தொப்பி வாங்கலாம்.

கூலிங் கிளாஸ் எதற்கெல்லாம் உதவாது என்பதும் முக்கியம். வெல்டிங் பட்டறையில் வெறும் கூலிங் கிளாஸோடு வேலை செய்யும் பையன்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அந்தப் பொறியைத் தாங்க வெல்டிங் கண்ணாடிதான் வேண்டும். பகலில் ஒன்றும் தெரியாது, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணில் மணல் கொட்டினமாதிரி எரியும். இரண்டொரு நாளில் ஆறிவிடும். தாய்ப்பால் விடுவதும் மரத்துப்போகும் சொட்டு மருந்தை மணிக்கொருமுறை விடுவதும் காயத்தைக் கெடுக்கும். சூரிய கிரகணமும் அப்படித்தான். 2010 ஜனவரி 15 அன்று கங்கண கிரகணத்தின் பாதை நம் நாட்டின் மீதே போனது. எக்ஸ்ரே படத்தையும் கூலிங் கிளாஸையும் பிடித்துக்கொண்டு பார்ப்பதே இதற்கெல்லாம் வழக்கமாகிவிட்டது. விழித்திரைக்கு வலி தெரியாது, சுட்ட பிறகுதான் தெரியும். ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற எண் உள்ள கிரகணக் கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்க்கவே கூடாது.

அப்பாவிடம் திரும்புவோம். சிவக்கிறது என்பதற்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து ஏதாவது விட்டுக்கொண்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். புட்டியில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. மறுநாளே கண் வெளுத்துவிடும், அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. மருத்துவர் கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே போகும், புரையும் வரும். வெயில் முப்பது வருஷத்தில் செய்யாத கெடுதலை அந்தப் புட்டி ஒரு வருஷத்தில் செய்துவிடும். ஏற்கெனவே விட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், புட்டியோடு மருத்துவரைப் பாருங்கள். உறுத்தலுக்குக் கண்ணீர் மாதிரியான ஈரச் சொட்டு போதும்.

சதையை உடனே எடுக்க வேண்டியதில்லை. கறுப்பு விழிமேல் ஏறிக் கண்மணியை நெருங்கினாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணைத் திருப்புவது இழுத்துப் பிடித்தாலோ எடுப்பார்கள். வெறுமே வெட்டி விட்டால் மறுபடி வளரும் வாய்ப்பு மிக அதிகம், சில சமயம் முன்னைவிட முரட்டுத்தனமாக. அதே கண்ணின் மேல்பக்கத்திலிருந்து மெல்லிய படலத் துண்டை எடுத்து வெட்டிய இடத்தில் ஒட்டும் முறையில் மறுவளர்ச்சி வெகுவாகக் குறையும். அறுவைக்குத் தேதி கேட்கும்போது, ஒட்டுப் படலம் வைத்துச் செய்வீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். செய்த பிறகும் கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். வேகமாக வளர்ந்தாலோ, வெள்ளையாகத் தடித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, காதுப் பக்கம் மட்டும் வளர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம். அது சதையாக இல்லாமலும் இருக்கலாம்.

ஊர் சிரிக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கறுப்பாக வாங்காதீர்கள். புற ஊதாவைத் தடுக்க கறுப்பே தேவையில்லை என்று மேலே சொன்னேனே, பட்டறைக்காரர் போடும் பக்கம் மூடிய வெள்ளைப் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும். விலையும் சொற்பம், முகத்தோடு ஒட்டி உட்காரும், பழைய மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே போடும் அளவும் உண்டு. கூச்சத்தைக் குறைக்காது, சதையை வளர்க்கும் கதிரை மட்டும் நிறுத்தும். அதைப் போட்டுக் கமவ் தொப்பியும் வைத்துக்கொண்டால் யாரும் சினிமாக்காரர் என்று சொல்லப்போவதில்லை. ஒரு நடவுக் காலம் பழகட்டும். கூசுகிறது என்று அவரே சொன்னால், அதே வடிவத்தில் பழுப்பு நிறம் வாங்கிக் கொடுங்கள்.